படத்தின் உரிமை தயாரிப்பாளருக்கு. படச்சுருளைக் காக்கும் கடமை யாருக்கு? பதிப்புரிமைச் சட்டம் விட்டுவைத்த இடைவெளி

புனே: கடந்த 2025-ஆம் ஆண்டில், சில வார இடைவெளியில் இரண்டு இந்தியத் திரைப்படங்களின் முடிவுக் காட்சிகள் மாறின. ஜூன் மாதம் இத்தாலியின் போலோஞ்ஞா நகரில் நடைபெற்ற திரைப்பட விழாவில், 1975-இல் வெளியான 'ஷோலே' திரைப்படம் மீட்டெடுக்கப்பட்ட வடிவில் திரையிடப்பட்டது. நெருக்கடி நிலைக் காலத்துத் தணிக்கையால் கைவிடப்பட்ட மூல முடிவுக் காட்சி அதில் மீண்டும் சேர்க்கப்பட்டிருந்தது.

ஆகஸ்ட் மாதம், தனுஷ் நடித்த 'ராஞ்சனா' (2013) படத்தின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி' மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. மூலப் படத்தில் இறந்துபோகும் கதாநாயகன், செயற்கை நுண்ணறிவின் உதவியால் மாற்றப்பட்ட புதிய முடிவில் உயிர் பிழைத்தான். இயக்குநர் ஆனந்த் எல். ராய், நடிகர் தனுஷ் இருவரும் இதற்குக் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். படத்தின் உரிமை தங்களிடமே உள்ளது என்பது தயாரிப்பு நிறுவனமான ஈராஸ் அளித்த பதில்.

முதல் படத்தில் இயக்குநர் எண்ணிய முடிவு திரும்பி வந்தது. இரண்டாவதில் அது நீக்கப்பட்டது. ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டிலும் உரிமை பெற்றவர் தமக்கு உரிய படத்தை வெளியிட்டார்.

திரைப்படத்தைக் கொண்டு வணிகம் செய்யும் உரிமையை இந்தியச் சட்டம் விரிவாகப் பாதுகாக்கிறது. அந்தத் திரைப்படம் சிதையாமல், மாறாமல் அடுத்த தலைமுறையைச் சென்றடைய வேண்டும் என்ற பொறுப்பை அது எவரிடமும் ஒப்படைக்கவில்லை. இந்த இடைவெளியின் விளைவுகளை மிகத் தெளிவாகக் காணக்கூடிய நகரம், தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் இயங்கும் புனே.

எது திரைப்படம்?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1958 ஜனவரி 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு நடப்பில் இருந்த, 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தை அடிப்படையாகக் கொண்ட 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தில் திரைப்படம் என்ற தனி வகையே இல்லை. ஒரு படம் நாடகப் படைப்பாகவோ, புகைப்படங்களின் தொகுப்பாகவோ மட்டுமே பாதுகாப்புப் பெற முடிந்தது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) உள்ளிட்ட அக்காலத்துப் படங்கள் அனைத்தும் அந்தச் சூழலில் உருவானவையே.

1957-ஆம் ஆண்டுச் சட்டம் திரைப்படத்துக்குத் தனி இடம் அளித்தது. 1980-களில் வீடியோ கேசட்டுகள் பரவியபோது, 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் வீடியோ படங்களையும் இந்த வரையறைக்குள் கொண்டுவந்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் 'காட்சிப் பதிவு' என்பதற்குத் தனி விளக்கம் அளித்தது. அதன்படி எந்த ஊடகத்திலும், எந்த முறையிலும், மின்னணுச் சேமிப்பு உட்பட, அசையும் படிமங்களைப் பதிவு செய்தால் அது காட்சிப் பதிவு ஆகும். அத்துடன் இணைந்த ஒலிப்பதிவும் திரைப்படத்தின் பகுதியே. எனவே திரையரங்கப் படம், தொலைக்காட்சித் தொடர், விளம்பரப் படம், ஓடிடி தளத்துக்கென எடுக்கப்பட்ட தொடர், கைப்பேசியில் எடுக்கப்பட்ட குறும்படம் ஆகிய அனைத்தும் சட்டத்தின் முன் 'திரைப்படம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன.

இந்த உரிமை எதுவரை நீள்கிறது என்பதில் நீதிமன்றங்கள் ஒருமித்த கருத்துடன் இல்லை. பிரபலத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் சாயலில் சலவைத்தூள் விளம்பரம் எடுக்கப்பட்ட வழக்கில், 2003-ஆம் ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே பதிவை அப்படியே நகலெடுத்தால்தான் மீறல். புதிதாகப் படம்பிடிக்கப்பட்ட ஒத்த படைப்பு நகலாகாது என்று அது கூறியது. இரண்டு டயர் நிறுவனங்களின் விளம்பரங்கள் தொடர்பான வழக்கில் 2019-ஆம் ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் இதிலிருந்து வேறுபட்டது. திரைப்படத்துக்கான பாதுகாப்பு பதிவின் நேரடி நகலோடு நின்றுவிடுவதில்லை என்பது அதன் நிலைப்பாடு.

யார் படைப்பாளர்?

நாவலுக்கு எழுத்தாளர், ஓவியத்துக்கு ஓவியர் என்று கூறும் சட்டம், திரைப்படத்துக்குத் தயாரிப்பாளரையே படைப்பாளராக வரையறுக்கிறது. படத்தை உருவாக்கும் முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்பவரே தயாரிப்பாளர் என்றும் அது விளக்குகிறது. இயக்குநரைப் படைப்பாளர்களுள் ஒருவராகச் சட்டம் குறிப்பிடவில்லை. முதன்மை இயக்குநரையும் தயாரிப்பாளருடன் சேர்த்துப் படைப்பாளராக அங்கீகரிக்கும் யோசனை 2010-ஆம் ஆண்டுத் திருத்த மசோதாவில் இடம்பெற்றது. எதிர்ப்புகளுக்குப் பின்னர், 2012-இல் நிறைவேறிய சட்டத்தில் அது கைவிடப்பட்டது.

இந்த வரையறையின் விளைவு 'அம்பிகாபதி' சர்ச்சையில் வெளிப்பட்டது. படைப்பைச் சிதைத்துத் தம் நற்பெயருக்குக் களங்கம் விளைவிப்பதைத் தடுக்கும் தனியுரிமையைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு படைப்பாளருக்கு அளிக்கிறது. திரைப்படத்தின் படைப்பாளர் தயாரிப்பாளர் என்பதால், அந்தப் பாதுகாப்பை இயக்குநர் நேரடியாகக் கோருவது கடினம். அதேவேளையில், 2012-இல் சேர்க்கப்பட்ட 38ஆ பிரிவு, தமது நடிப்பு சிதைக்கப்பட்டு நற்பெயர் பாதிக்கப்பட்டால் அதைத் தடுக்கும் உரிமையை நடிகருக்கு வழங்குகிறது. திரைக்கதையை எழுதியவரும் இலக்கியப் படைப்பின் ஆசிரியர் என்ற முறையில் 57-ஆவது பிரிவை நாடலாம். படம் முழுவதற்கும் வடிவம் கொடுத்த இயக்குநருக்கு மட்டும் ஒப்பந்தத்தைத் தவிர வேறு வலுவான பிடிமானம் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

தயாரிப்பாளர்கள் தரப்பு வாதத்திலும் நியாயம் உள்ளது. முதலீடு செய்பவர், நட்டத்தை ஏற்பவர் அவரே. ஒரு படத்தில் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் தடுப்புரிமை இருந்தால் விநியோகம், மொழிமாற்றம், தொலைக்காட்சி உரிமை, ஓடிடி உரிமை என எதையும் தடையின்றி விற்க இயலாது. உரிமை ஓரிடத்தில் குவிந்திருப்பது வணிகத்துக்கு வசதியானது. ஆனால் அந்த வசதி, படத்தைப் பாதுகாக்கும் பொறுப்புடன் சேர்ந்து வரவில்லை.

புனேயில் பிரியும் இரண்டு பொருள்கள்

1929-இல் கோலாப்பூரில் தொடங்கப்பட்ட பிரபாத் திரைப்பட நிறுவனம் 1933-இல் புனேக்கு இடம்பெயர்ந்தது. 1937-ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் பாராட்டுப் பெற்ற 'சந்த் துக்காராம்' (1936) இங்கு உருவான படம். பிரபாத் நிறுவனம் மூடப்பட்ட பின்னர், அதன் வளாகத்தில் 1960-இல் மத்திய அரசின் திரைப்படப் பயிற்சி நிறுவனம் அமைந்தது. 1964 பிப்ரவரியில் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. 2022-இல் இக்காப்பகம் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது.

காப்பகத்தின் தொடக்கக் காலம் முதல் அதைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயர், நாடெங்கும் அலைந்து படச்சுருள்களைச் சேகரித்தவர். தாதாசாகேப் பால்கேயின் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை அவருடைய முயற்சியால் கிடைத்தவை. இருப்பினும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ஊமைப் படங்களில் மிகச் சிலவே தப்பின. இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வின் பிரதி கிடைக்கவில்லை. 'காளிதாஸ்' படத்தின் நிலையும் அதுவே.

இதற்கான காரணங்கள் எளியவை. பழைய நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பிடிப்பது. ஒருமுறை பற்றினால் அணைப்பது மிகக் கடினம். பின்னர் வந்த அசிடேட் சுருள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் புளித்த நெடியுடன் சிதைவது. ஓட்டம் முடிந்த படங்களின் சுருள்கள் அவற்றில் உள்ள வெள்ளிக்காகவும் விற்கப்பட்டன. 2003 ஜனவரியில் புனேயில் நேரிட்ட தீ விபத்தில், பிரபாத் நிறுவனப் படங்கள் உள்ளிட்ட பல நைட்ரேட் சுருள்கள் அழிந்தன.

காப்பகத்தில் சேர்வது படச்சுருள் மட்டுமே. பதிப்புரிமை அதனுடன் வருவதில்லை. உரிமையை எழுத்துமூலம் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தால்தான் அது செல்லும் என்று சட்டம் கூறுகிறது. எனவே ஒரு படத்தின் எஞ்சிய ஒரே பிரதி காப்பகத்தில் இருந்தாலும், உரிமைக் காலம் முடியும் வரை அதைப் பொதுமக்களுக்குத் திரையிடவோ இணையத்தில் வெளியிடவோ உரிமையாளரின் அனுமதி தேவை. மறுபுறம், அனுமதி அளிக்கும் உரிமை கொண்டவரிடம் படத்தின் ஒரு பிரதியும் இல்லாமல் இருக்கலாம்.

வழக்கில் அடைபட்டு, வழக்கால் தப்பிய படம்

இந்த முரணுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, தமிழகத்தின் எல்லையை ஒட்டிய அன்றைய திருவிதாங்கூரில் கிடைக்கிறது. சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா' நாவலைத் தழுவி, பி.வி. ராவ் இயக்கத்தில் அதே பெயரில் 1933-இல் ஊமைப் படம் ஒன்று வெளியானது. நாவலின் வெளியீட்டு உரிமை தங்களிடம் இருப்பதாகக் கூறி, கமலாலயா புத்தக நிலையம் வழக்குத் தொடர்ந்தது. தயாரிப்பாளர் ஆர். சுந்தர்ராஜுக்கு எதிராகத் தீர்ப்பு அமைந்தது. படத்தின் திரையிடல் நின்று, பிரதி புத்தக நிலையத்தின் வசம் சென்றது.

சுமார் 40 ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. 1974-இல் புனே காப்பகம் அந்தப் பிரதியைப் பெற்றது. தென்னிந்திய ஊமைப் படங்களில் இன்றும் பார்க்கக் கிடைக்கும் மிக அரிய படமாக 'மார்த்தாண்ட வர்மா' விளங்குகிறது. வழக்கில் சிக்காமல் ஊர் ஊராக ஓடிய அக்காலப் படங்கள் பலவும் தேய்ந்து, எரிந்து, விற்கப்பட்டு மறைந்தன. பதிப்புரிமை ஒரு படத்தை மக்கள் பார்வையிலிருந்து அகற்றியது. அந்தத் தடையே தற்செயலாக அதன் பிரதியைக் காத்தது. ஒரு நாட்டின் திரைப்பட வரலாறு இத்தகைய தற்செயலை நம்பியிருக்க முடியுமா என்பதே இந்நிகழ்வு எழுப்பும் கேள்வி.

காலம் முடிந்தாலும் முடியாத உரிமைகள்

திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1992-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு இது 50 ஆண்டுகளாக இருந்தது. இந்தக் கணக்கின்படி 'ஷோலே' 2035-ஆம் ஆண்டு இறுதி வரையும், 'ராஞ்சனா' 2073-ஆம் ஆண்டு இறுதி வரையும் உரிமைக்கு உட்பட்டவை.

ஆனால் படத்தின் காலம் முடிந்ததும் எல்லாம் பொதுவுடைமை ஆகிவிடுவதில்லை. படத்தில் இடம்பெற்ற தனித்தனிப் படைப்புகளின் உரிமையைப் படத்தின் உரிமை பாதிக்காது என்று சட்டத்தின் 13-ஆவது பிரிவு கூறுகிறது. பாடல் வரிகள், இசை, திரைக்கதை ஆகியவற்றுக்குப் படைப்பாளரின் வாழ்நாளும், அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு.

தமிழ் ரசிகர்கள் நன்கறிந்த 'பாவமன்னிப்பு' (1961) படத்தை எடுத்துக்கொள்ளலாம். திரைப்படம் என்ற முறையில் அதன் உரிமைக் காலம் 2021 டிசம்பர் 31 அன்று முடிந்தது. பாடல்களை எழுதிய கண்ணதாசன் 1981-இல் மறைந்ததால், வரிகளின் உரிமை 2041 இறுதி வரை தொடரும். இசையமைத்த விஸ்வநாதன் - ராமமூர்த்தி இணையரில் இறுதியாக மறைந்த எம்.எஸ். விஸ்வநாதனின் ஆண்டு 2015. கூட்டுப் படைப்புக்கு இறுதியாக மறைந்தவரின் ஆண்டே கணக்கு என்பதால் மெட்டுகளின் உரிமை 2075 இறுதி வரை நீளும். இந்த உரிமைகள் இன்று யாரிடம் உள்ளன என்பது அக்கால ஒப்பந்தங்களைப் பொறுத்தது. அந்த ஆவணங்களைத் தேடி எடுப்பது, படச்சுருளைத் தேடுவதைப் போலவே கடினமான வேலை.

சத்யஜித் ரே இயக்கிய 'நாயக்' (1966) படத்தின் திரைக்கதை நாவல் வடிவில் வெளியானபோது, தயாரிப்பாளரின் குடும்பத்தார் வழக்குத் தொடர்ந்தனர். திரைக்கதையின் உரிமை அதை எழுதிய ரேயைச் சார்ந்தது என்று 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே படத்துக்குள் எத்தனை உரிமைகள் அடுக்கடுக்காக உள்ளன என்பதை இத்தீர்ப்பு நினைவூட்டுகிறது.

காப்பகத்துக்குத் திறந்திருக்கும் வழிகள்

சட்டத்தின் 52-ஆவது பிரிவு சில விதிவிலக்குகளை வழங்குகிறது. அதன்படி, இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலின் மூன்று பிரதிகள் வரை பொது நூலகம் எடுத்துக்கொள்ளலாம். அந்த விதியில் திரைப்படம் இல்லை. 2012-இல் சேர்க்கப்பட்ட மற்றொரு விதி, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் உள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்க அனுமதிக்கிறது. அந்தப் படைப்பின் மின்னணு அல்லாத பிரதி நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இங்கு இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. திரைப்படக் காப்பகம் 'பொது நூலகம்' ஆகுமா என்பதைச் சட்டம் தெளிவாகக் கூறவில்லை. அதைவிட முக்கியமானது இரண்டாவது சிக்கல். இன்று பெரும்பாலான படங்கள் டிஜிட்டல் முறையிலேயே எடுக்கப்பட்டு, டிஜிட்டல் முறையிலேயே வெளியாகின்றன. அவற்றுக்கு மின்னணு அல்லாத பிரதி என்று ஒன்று இல்லை. எனவே, பழைய சுருள்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இந்த விதிவிலக்கு, இன்றைய படங்களுக்குப் பயன்படாமல் போகிறது. ஓடிடி தளத்தில் மட்டும் வெளியான படம் அங்கிருந்து நீக்கப்பட்டால், அதை எங்கே தேடுவது என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

உரிமையாளரைக் கண்டறிய முடியாத படைப்புகளுக்கு 31அ பிரிவு ஒரு வழியைத் தருகிறது. உரிமம் கோருபவர் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு விண்ணப்பிக்க வேண்டும். இத்தகைய விண்ணப்பங்களை விசாரித்துவந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டு, அதன் அதிகாரங்கள் நீதிமன்றங்களுக்குச் சென்றன. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக இந்த நடைமுறையைப் பின்பற்றுவது, ஆயிரக்கணக்கான படங்களை வைத்திருக்கும் காப்பகத்துக்கு எளிதன்று.

நிதி ஒதுக்கீட்டில் அரசு பின்தங்கவில்லை. தேசிய திரைப்படப் பாரம்பரிய இயக்கத்தின் கீழ் சுமார் 2,200 படங்களை மீட்டெடுக்க ரூ.363 கோடி ஒதுக்கப்படுவதாக 2022 மே மாதம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவித்தது. திருட்டுப் பிரதிகளுக்கு எதிரான சட்டமும் கடுமையாகியுள்ளது. திரைப்படத்தை அனுமதியின்றிப் பதிவு செய்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது ரூ.3 லட்சம் முதல் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் விதிக்க 2023-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் வகை செய்கிறது. தன் படத்தின் கடைசி நெகட்டிவை உரிமையாளர் சிதைய விட்டால் கேட்பதற்கு மட்டும் சட்டம் இல்லை.

பிற நாடுகளின் அனுபவம்

இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதிகளைக் குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சென்னை கன்னிமாரா நூலகம் அவற்றுள் ஒன்று. திரைப்படங்கள் அச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. பிரான்சில் திரைப்படங்களுக்கும் இத்தகைய கட்டாய ஒப்படைப்பு உண்டு. அமெரிக்கா 1988-இல் தேசிய திரைப்படப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல், உரிமையாளர் அறியப்படாத படைப்புகளைக் காப்பகங்கள் டிஜிட்டல் வடிவில் வெளியிட வழிவகுத்தது. அசையும் படிமங்களைப் பாதுகாப்பது குறித்த பரிந்துரையை யுனெஸ்கோ 1980 அக்டோபர் 27 அன்று ஏற்றது. அந்த நாளே உலக ஒலி-ஒளிப் பாரம்பரிய நாளாக அனுசரிக்கப்படுகிறது.

படைப்பின் மாறாத்தன்மை குறித்தும் முன்னுதாரணம் உள்ளது. அமெரிக்க இயக்குநர் ஜான் ஹூஸ்டனின் கருப்பு வெள்ளைப் படம் ஒன்றை, உரிமை பெற்ற நிறுவனம் வண்ணம் ஏற்றி வெளியிட்டது. அதைப் பிரான்சில் ஒளிபரப்புவதை எதிர்த்து அவருடைய வாரிசுகள் வழக்குத் தொடர்ந்தனர். அமெரிக்கச் சட்டப்படி உரிமை நிறுவனத்திடம் இருந்தபோதிலும், படைப்பாளரின் தார்மிக உரிமை மேலானது என்று 1991-இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அன்று வண்ணம் ஏற்றுவது எழுப்பிய அதே கேள்வியை, இன்று செயற்கை நுண்ணறிவு இன்னும் கூர்மையாக எழுப்புகிறது.

அடுத்து என்ன?

தேவைப்படும் திருத்தங்கள் பெரியவை அல்ல. தணிக்கைச் சான்றிதழ் பெறும் ஒவ்வொரு படத்தின் உயர்தரப் பிரதியையும் காப்பகத்தில் ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கலாம். 52-ஆவது பிரிவில் திரைப்படக் காப்பகத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்து, மின்னணு அல்லாத பிரதி வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கலாம். தயாரிப்பாளரின் வணிக உரிமையில் கைவைக்காமலேயே, படத்தின் உள்ளடக்கம் மாற்றப்படுவதை எதிர்க்கும் உரிமையை மட்டும் இயக்குநருக்கு அளிக்கலாம். ஒப்படைக்கப்படும் பிரதி கசியுமோ என்ற தயாரிப்பாளர்களின் அச்சத்தைப் போக்க, உரிமைக் காலம் முடியும் வரை அது பாதுகாப்புக்கு மட்டுமே பயன்படும் என்ற நிபந்தனையை விதிக்கலாம்.

காப்பகத்தின் பணி இதுவரை அழிவிலிருந்து படங்களை மீட்பதாக இருந்தது. இனி அதனுடன் சாட்சியாக நிற்கும் பணியும் சேர்கிறது. உரிமையாளர் நினைத்தால் ஒரு படத்தின் முடிவைச் சில வாரங்களில் மாற்றிவிட முடிகிற காலத்தில், அந்தப் படம் முதன்முதலில் எவ்வாறு வெளியானது என்பதற்கு ஆதாரம், மாற்றப்படாத ஒரு பிரதி மட்டுமே. அந்தப் பிரதி எங்கே இருக்க வேண்டும், யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதை நாடாளுமன்றமே முடிவு செய்ய வேண்டும்.